தட்டில் மிஞ்சிய சோறு

மணி அடித்தாயிற்று, கேள்வித்தாளும் கொடுத்தாயிற்று, ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு மட்டும் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சங்கரவடிவு அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் சாக்பீஸால் எழுதிய பதிவெண், பக்கத்தில் யாரும் தொடாத விடைத்தாள், அது பறந்துவிடாமல் இருக்க அவளே தூக்கிவைத்த டஸ்டர். அரைமணி நேரம் வரைக்கும் பிந்தி வருகிறவர்களை உள்ளே விடலாம். அதற்கப்புறம் சாமியே ஹால்டிக்கெட்டோடு வந்து நின்றாலும் விடக் கூடாது என்பது சட்டம். வந்துவிடுவாள், மழை, பஸ் பிந்தியிருக்கும், தென்காசிப் பக்கத்து பஸ்ஸுக்கு ஐப்பசி மழை என்றால் நிற்பதற்கு ஒரு சாக்கு போதும். பஸ்ஸா? யாரிடம் கதை விடுகிறாய் வடிவு, பஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம் என்று பார்க்கிறாயா? வராமல் இருப்பது முப்பிடாதி. வேதியியல் முதல் வருஷம், முப்பிடாதி. நீ ஆரம்பித்த வலைப்பூவில், நீ எழுதச் சொல்லி, நீ போடச் சொன்ன பெயரைப் போட்டு எழுதிய முப்பிடாதி. காலையில் அவள் அண்ணன் போன் பண்ணி அதை எடுத்துவிடச் சொன்னான், நீ மாட்டேன் என்றாய், இப்போது அவள் பெஞ்சு காலி. இவ்வளவுதான் விஷயம், இதில் மழைக்கு என்ன வேலை. வீட்டில் பூட்டி வைத்திருப்பார்களோ. அடித்திருப்பானோ. படித்தது போதும் என்று புத்தகத்தையெல்லாம் பரணில் ஏற்றியிருப்பார்களோ. போனைப் பார்க்கலாம் என்றால், தேர்வு அறைக்கு வருகிற ஆசிரியர்களின் போனையெல்லாம் அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைவிட எங்களைத்தான் சந்தேகப்படுகிறீர்கள் என்று போன பருவத்தில்கூட அவள் சண்டை போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த டிரேயில் குப்புறக் கிடக்கும் அவளுடைய போனுக்குள் இந்த நிமிஷமும் யாரோ அந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பான், யாரோ யாருக்கோ அனுப்பிக்கொண்டிருப்பான். அறையின் மூலையில் ஒழுகலுக்கு வைத்த வாளியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடியது. பிள்ளைகள் துணைப்பாடமான கணிதத் தாளைக் குனிந்து எழுதினார்கள். தமிழ்த்தாளுக்குத் தமிழ் ஆசிரியர் நிற்கக் கூடாது என்பதால் அவளை இங்கே போட்டிருந்தார்கள். அந்தக் கேள்வித்தாளில் ஒரு வரிகூட அவளுக்கு விளங்காது, எழுத்துத் தெரியாதவளைப் போல அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்திருந்தாள்.

வலைப்பூ என்று சொன்னதுமே துறைத்தலைவர் ஆவுடையப்பன் சிரித்தார். பூவா, வாடிரும்மா, பேசாம நோட்ஸ் குடுங்க என்றார். அன்றைக்கு அவரோடு போட்ட வாதத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? ஒண்ணாங்கிளாஸிலிருந்து தமிழ் படித்துவிட்டு வருகிற பிள்ளை தன் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. கேள்வியும் கைடில், பதிலும் கைடில். நண்பனுக்குக் கடிதம் எழுது என்றால்கூட, கைடில் இருக்கிற நண்பனுக்குத்தான் எழுதுகிறது, நலம் நலமறிய ஆவல் என்று. அந்த நண்பன் யார், அவன் எந்த ஊர், ஒரு தடவையாவது பதில் போட்டானா என்று நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா ஐயா என்றாள். துறையில் எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்தார்கள். கௌரவ விரிவுரையாளர், வருஷா வருஷம் வேலை நீட்டிப்புக்குக் கைகட்டி நிற்கவேண்டியவள், இவ்வளவு பேசலாமா என்ற பார்வை. பேசினாள். பேசித்தான் வாங்கினாள். ஜூலையில் ‘எழுதிப் பழகு’ என்று பெயர் வைத்து ஆரம்பித்தாள். அம்மா, ப்ளாக்குன்னு ஒண்ணு இன்னும் இருக்கா, எங்க மாமா காலத்துலலா இருந்துச்சு என்று ஒருத்தன் கேட்டான், வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். இங்கே தமிழ் ஆசிரியைகளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆசிரியரை ஐயா என்று. மேடம் என்பதெல்லாம் மற்ற துறைகளுக்கு. அந்த அம்மா என்ற சொல்லில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று நினைத்துப் பெருமைப்பட்ட நாளும் உண்டு. முதலில் வந்ததெல்லாம் குப்பை. அம்மா என்றால் அன்பு, தோல்விதான் வெற்றிக்கு ஏணி, காலையில் வாட்ஸப்பில் வந்த ரோஜாப்பூப் படத்துக்குக் கீழே இருந்ததை அப்படியே வெட்டி ஒட்டியது. கீழே பெயர் நிலாப்பெண், முகவரி இல்லாதவன், கண்ணீர்த் தீவு. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். உனக்கு மட்டும் தெரிந்ததை எழுது, நேற்று உன் கை என்ன செய்தது, அதை எழுது, உள்ளதை எழுது; கீழே உன் சொந்தப் பெயரைப் போடு, பெயரில்லாமல் வருகிற எதையும் ஏற்றமாட்டேன்.

பெயரில்தான் மாட்டிக்கொண்டது மனசு, இவ்வளவு நேரமாக அங்கேயேதான் வந்து வந்து நிற்கிறது. அன்றைக்கு மணி அடித்தபிறகு முப்பிடாதி கதவோரம் நின்றாள். ஒல்லி, இரண்டு பக்கமும் சேஃப்டி பின் குத்திய துப்பட்டா, பேசும்போது எதிரே இருப்பவரின் வாட்சைப் பார்ப்பாள். பேரு போடாம எழுதலாமாம்மா என்று கேட்டாள். பேர் இல்லாமல் எழுதினால் அது மொட்டைக் கடுதாசி என்றாள் வடிவு. போகப் புறப்பட்ட பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், அவளுக்கு அது பிடிக்கும், ஒரு வாதத்துக்குக் கூட்டம் கூடுவது. முப்பிடாதி வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “மொட்டைக் கடுதாசி எழுதுதவங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும்லாம்மா.” சிரிப்பு எழுந்தது. வடிவு விடவில்லை. பெயரை மறைத்துக்கொண்டா பெண்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள், முப்பிடாதி என்று இந்தக் கல்லூரியிலேயே ஒருத்திதான் இருக்கிறாள், எவ்வளவு அழகான பெயர், அதை ஒளித்துவைத்துவிட்டு நிலாப்பெண் என்று போட உனக்கு வெட்கமாக இல்லையா. பிள்ளைகள் கைதட்டினார்கள். முப்பிடாதி சரிம்மா என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று வடிவு நினைத்தாள், ஸ்டாஃப் ரூமுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாதத்தைத் தனக்குள்ளேயே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், இன்னும் நன்றாக வந்தது. ஒருத்திதான் இருக்கிறாள். ஆமாம், ஒருத்திதான். அதனால்தானே ஊரில் எவன் படித்தாலும் எந்தத் தெரு, எந்த வீடு, யார் அண்ணன் என்று தெரிந்துவிட்டது. ஒரு நிலாப்பெண்ணை எவன் வந்து வீட்டில் தேடுவான்?

அவள் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம்கூட இல்லை. மனப்பாடமாகவே இருக்கிறது. ‘எங்கள் வீட்டில் அண்ணன் சாப்பிட்டு முடித்தால் தட்டிலேயே கை கழுவுவான். தட்டை நான் எடுப்பேன். எடுக்கும்போது இருக்கிற கனத்தை வைத்தே அவன் அன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கடையில் முதலாளி திட்டியிருந்தால் தக்காளித் தோலைக்கூட ஒதுக்கி வைத்திருப்பான். சந்தோஷமாக இருந்தால் கறிவேப்பிலையையும் சேர்த்துத் தின்றிருப்பான். எதிர்வீட்டு அக்காவுக்கு நிச்சயம் நடந்த வாரம் முழுக்கத் தட்டில் சோறு அப்படியே இருந்தது, கை கழுவிய தண்ணீரில் ஊறிப்போய் இருந்தது. நான் அதை யாருக்கும் தெரியாமல் கொல்லையில் கொட்டினேன். அம்மா கேட்டால் சாப்பிட்டுவிட்டான் என்று சொன்னேன்.’ படித்தபோது வடிவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதைத்தானே கேட்டாள், இப்படி ஒரு வாக்கியம் இந்த ஊரிலிருந்து, இந்தக் கல்லூரியிலிருந்து, கைடுக்கு வெளியே இருந்து வரவேண்டும் என்றுதானே அவ்வளவு சண்டை. அன்று சாயந்தரமே ஏற்றினாள். ஏற்றுவதற்கு முன்னால், ஆசிரியர் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா, கொஞ்சம் செய்தாள். ‘அண்ணன்’ என்று அவள் வைத்திருந்த தலைப்பை எடுத்துவிட்டு ‘யார் கழுவுவது இந்தத் தட்டை?’ என்று வைத்தாள். முன்னுரை ஒன்று எழுதினாள், தின்ற தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோகும் ஆண்கள் நிறைந்த நாட்டில் என்று ஆரம்பித்து, பதிவைவிட அது நீளம். சோறு அப்படியே இருந்த அந்த வரியை, அழகான வரியாயிற்றே, தடித்த எழுத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தாள். அப்புறம் பழைய மாணவர் குழு, சொந்தக்காரர் குழு, ஆசிரியர் குழு என்று ஒன்று விடாமல் அனுப்பினாள். மறுநாளே பற்றிக்கொண்டது. எங்க வீட்லயும் இதே கதைதான் என்று பெண்கள், அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் உழைச்சுப் போடுறவன் தட்டக் கழுவுனா என்ன கொறஞ்சு போச்சு என்று ஆண்கள். அவள் ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதினாள், ஆதாரத்தோடு, புள்ளிவிவரத்தோடு. வகுப்பில் முப்பிடாதி, இத்தனை பேரு படிப்பாங்கன்னு நெனைக்கலம்மா, காலேஜுக்குள்ளதான்னு நெனைச்சேன் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதையும் பாராட்டாகத்தான் வடிவு எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் காலையில் பஸ்ஸில் போன் வந்து, முப்பிடாதிக்கு அண்ணன் பேசுதேன் டீச்சர், வேல்துரை என்றதும், இவன் வருவான் என்று எனக்குத் தெரியுமே என்று நினைத்தாள். தயாராக இருந்தாள். அவன் கத்துவான், மிரட்டுவான், என் தங்கச்சி என்பான், குடும்ப மானம் என்பான், ஒவ்வொன்றுக்கும் பதில் அவள் நாக்கில் வரிசையாக நின்றது. அவன் கத்தவில்லை. அது அப்போது அவள் காதில் விழவே இல்லை, இப்போதுதான் விழுகிறது. குரல் தணிந்து, யாருக்கோ தெரியாமல் பேசுகிறவனைப் போலப் பேசினான். “தட்டு வெசயம் கெடக்கட்டும் டீச்சர், இனிமே நானே கழுவிக்கிடுதேன். அந்த ஒரு வரிய மட்டும்” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பிடித்துக்கொண்டாள். உங்கள் தங்கை எழுத்தில் கைவைக்க நீங்கள் யார், இன்றைக்கு ஒரு வரி என்பீர்கள், நாளைக்குப் படிப்பே வேண்டாம் என்பீர்கள், அவள் என்ன பொய்யா எழுதிவிட்டாள். ஆற்றுப்பாலத்தில் ஏறிய பஸ் பேருந்து நிலையம் வந்து சேரும்வரை பேசினாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் நல்லாக் கேளு தாயி என்று சொல்லிக் கம்பியை மாற்றிப் பிடித்தது இன்னும் உற்சாகமாக இருந்தது. கடைசியில் அவன் சரி டீச்சர் என்றான், வைத்துவிட்டான். சரி டீச்சர். இவளும் அன்றைக்குச் சரிம்மா என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி. வடிவு தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அந்த ஒரு வரிய மட்டும். எந்த வரி? தட்டிலேயே கை கழுவுவான் என்ற வரி என்றுதானே நினைத்தாள், வேறு எதை நினைப்பாள், அதைத்தானே ஊரெல்லாம் பேசிற்று. ஆனால் அவன் தட்டு வெசயம் கெடக்கட்டும் என்றல்லவா ஆரம்பித்தான். தட்டு இல்லையென்றால் வேறென்ன. எதிர்வீட்டு அக்காவுக்கு நிச்சயம் நடந்த வாரம்.

ஐயோ என்றுகூட வரவில்லை அவளுக்கு. கால் மட்டும் தானாக நடந்தது. ஒரு பையன் அம்மா, லாக் டேபிள் என்றான், எடுத்துக் கொடுத்தாள், என்ன கொடுத்தாள் என்று தெரியவில்லை. எதிர்வீடு என்று ஒன்று இருக்கிறது, நிஜமான வீடு, அதில் ஒரு நிஜமான அக்கா, நிஜமாக நிச்சயம் ஆகி நிஜமாக யாரையோ கட்டிக்கொண்டு எந்த ஊரிலோ இருக்கிறாள். அவள் புருஷன் படித்தால்? அவள் மாமியார் படித்தால், நாத்தனார் படித்துக் காட்டினால்? தெருப்பெயர் இல்லை, அக்காவின் பெயர் இல்லை. ஆனால் முப்பிடாதி என்று கீழே இருக்கிறதே, அதுதான் கதவிலக்கம், தபால்காரன் தேடவே வேண்டாம். வடிவு எத்தனை தடவை அந்த வரியைப் படித்திருப்பாள். தாளம் பார்த்தாள், சொற்செட்டுப் பார்த்தாள், ஊறிப்போய் என்ற சொல்லின் அழகைப் பார்த்தாள், முதுகலை வகுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்றுகூடக் குறித்து வைத்தாள். ஒரு தடவைகூட அதில் ஒருத்தன் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தான் என்று படிக்கவில்லை. அதை மறைத்துக் கொல்லையில் கொட்டியவள் இவளை நம்பி, வாத்தியாரம்மாவை நம்பி, காலேஜுக்குள்ளதான் என்று நம்பி, முதல் தடவையாக வெளியே சொல்லியிருக்கிறாள். இவள் அதைத் தடித்த எழுத்தில் போட்டாள். ஆண்களுக்கு எதிராக ஒரு தட்டு கிடைத்தது என்று தூக்கிக் காட்டினாள். வாதம் தப்பா? இல்லை. தட்டில் கை கழுவுவது தப்புதான், நூறு பேர் வந்தாலும் வாதாடுவாள். ஆனால் அதற்கு இந்தத் தட்டுத்தானா கிடைத்தது, இந்தப் பிள்ளையின் தட்டு. போனைக் கேட்கவேண்டும். இப்போதே. வராந்தாவில் ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தார், இன்றைக்கு அவர்தான் தலைமைக் கண்காணிப்பாளர், குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்கிறார். அவரிடம் சொல்லவேண்டும். ஐயா, என் போனை எடுத்து வரச் சொல்லுங்கள், ஒரு பதிவை அழிக்கவேண்டும். நோட்ஸ் குடுங்கன்னு அப்பவே சொன்னேன்லாம்மா என்பார், சொல்லட்டும், அதைவிடப் பெரிதாகவும் சொல்லட்டும், கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அவள் வாசலுக்குப் போனாள்.

வாசலில் முப்பிடாதி நின்றாள். தலையிலிருந்து பாதம்வரை நனைந்து, ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ஹால்டிக்கெட்டை மட்டும் நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள். உள்ள வரலாமாம்மா என்றாள். ஆவுடையப்பன் வாட்சைப் பார்த்தார், இன்னும் நேரம் இருந்தது, போ போ என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வடிவைப் பார்த்து, என்னம்மா, பூ எப்படி இருக்கு என்றார், பொழுதுபோகாமல்தான் கேட்டார், குத்தலாகக்கூட இல்லை. போனைக் கேட்க வந்ததை மறந்து அவள் முப்பிடாதியின் பின்னாலேயே திரும்பினாள். அவர் அடுத்த அறைக்குப் போனார். வடிவு பெஞ்சுக்குப் போய், ஹால்டிக்கெட் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்க்கிற சாக்கில் குனிந்தாள். கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள். வீட்டுல அடிச்சாங்களா என்று உதடு மட்டும் அசையக் கேட்டாள். முப்பிடாதி நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்தாள். யாரு, அண்ணனா, அவன்தானே வண்டியில கொண்டாந்து விட்டான் என்றாள். வடிவு பேனாவை எடுத்தாள். விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அந்த வரிய நான் இப்பவே எடுத்திருதேன் என்றாள். முப்பிடாதி பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். “எடுத்திராதீங்கம்மா. பரீட்ச முடிஞ்சு சொல்லுதேன்” என்றுவிட்டுக் கேள்வித்தாளுக்குள் குனிந்தாள். முன்பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்தான். தேர்வறையில் பேசக் கூடாது என்ற சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவள் வடிவுதான்.

இனி இரண்டரை மணி நேரம் அந்தச் சொல்லோடு நடக்கவேண்டும். எடுத்திராதீங்கம்மா. ஏன்? முதலில் பெருமைதான் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், வெட்கமில்லாமல் வந்தது. பார்த்தாயா, பயப்படவில்லை, என் பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை, எழுதியதை எழுதியதுதான் என்று நிற்கிறாள் என்று மார்பு ஒரு சுற்று விரிந்தது. விரிந்த வேகத்திலேயே சுருங்கிற்று. நிற்கிறவளின் முகம் இப்படி இருக்குமா. இவள் தலைமுடியிலிருந்து சொட்டுவதைத் துப்பட்டாவால் ஒற்றி ஒற்றி விடைத்தாளைக் காப்பாற்றிக்கொண்டு எழுதுகிறாள், அவ்வளவுதான், அதில் கொள்கை எங்கே இருக்கிறது. ஒருவேளை வீட்டில் ஏதோ முடிவெடுத்துவிட்டார்களோ, கடைசிப் பரீட்சை இது, இதோடு சரி என்று, அதனால் இனி எடுத்தால் என்ன எடுக்காவிட்டால் என்ன என்கிறாளோ. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கொட்டகைக்கு அடியில் பைக்கில் சாய்ந்தபடி ஒருத்தன் நின்றான், நனைந்த சட்டை, வெறுங்கை, போன்கூடக் கையில் இல்லை. அவனாக இருக்குமோ. அண்ணனுக்குச் செல்போன் கடையில் வேலை என்று முப்பிடாதி சொன்னாளே, வேலைக்குப் போகவில்லையா. கடைப் பையன்கள் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்கள். வில்லன் என்று அவள் முன்னுரையில் எழுதியது இவனைத்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத வில்லன், மழையில் தங்கச்சி பரீட்சை எழுதி முடிக்கக் காத்துக்கொண்டு நிற்கிறான். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிஷனல் ஷீட் என்று யாரோ கையைத் தூக்கினார்கள், கொடுத்தாள். கட்டுவதற்கு நூல் கேட்டார்கள், கொடுத்தாள். முப்பிடாதி கையைத் தூக்கியபோது மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடத் தள்ளி நின்று, கை நீட்டிக் கொடுத்தாள், பக்கத்தில் போனால் மறுபடி ஏதாவது கேட்டுவிடுவோம் என்று பயந்து. இப்படி ஒன்றும் கேட்காமல் ஒரு ஆளோடு ஒரே அறையில் இவ்வளவு நேரம் அவள் இருந்ததே இல்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? பதில் வருவதற்குள் அந்தப் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பாள். காலையில் பஸ்ஸில் அதைத்தானே செய்தாள். அவன் ஒரு வரிய மட்டும் என்பதோடு நின்றான், மீதியை அவள் முடித்தாள், தப்பாக முடித்தாள்.

கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் கலைந்தார்கள். முப்பிடாதி விடைத்தாளைக் கொடுத்துவிட்டு மேசையருகிலேயே நின்றாள், கடைசிப் பையனும் வெளியே போகட்டும் என்று. வடிவு விடைத்தாளைக் கட்டில் சேர்த்தாள். முப்பிடாதி இந்தத் தடவை வாட்சைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எதிர்வீட்டு அக்கா பெயர் செண்பகமாம். இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறாள். நேற்று அவள் புருஷனுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள், இது எந்த எதிர்வீடு என்று கேட்டிருக்கிறார், சும்மா கேட்பது போலத்தான் கேட்டிருக்கிறார், அக்கா போன் பண்ணி அழுதிருக்கிறாள். காலையில் பரீட்சைக்குக் கிளம்பியவள் முதலில் அக்காவின் அம்மா வீட்டுக்குத்தான் போனாளாம், குடை எடுக்க மறந்து, திட்டு வாங்கலாம் என்று. அந்த அம்மா திட்டவில்லை, தலையைத் துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வருவாள் என்று இவள் காத்துக்கொண்டே நின்றாள், திரும்ப வரவே இல்லை. அதனால்தான் பிந்திற்று. நான் இப்பவே போயி மொத்தத்தையும் அழிச்சிருதேன் என்றாள் வடிவு, குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“அழிச்சா நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரிலாம்மா ஆயிரும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்தா, எந்த வரின்னு தேடுதவனுக்கு விரல வச்சுக் காட்டுன மாதிரி. அண்ணனுக்கும் அதத்தான் வண்டியில வரும்போது சொன்னேன்.” அப்புறம் சொன்னாள், “நான் இன்னும் நாலஞ்சு வாரம் சேத்து எழுதப் போறேன்மா. அவன் வேல மாறுன வாரம், காய்ச்சல்ல கெடந்த வாரம், வண்டி தொலஞ்ச வாரம், எல்லா வாரமும் சோறு மிஞ்சுது. அதுல அந்த வாரமும் ஒண்ணு. அந்த வாரம் அவனுக்குப் பல்வலி.”

பல்வலி இருந்ததா என்று வடிவு கேட்டாள். இல்லம்மா என்றாள் முப்பிடாதி. வண்டி தொலைந்ததா. அதுவும் இல்லம்மா. வடிவின் நாக்கு அசைந்தது, பழக்கம், உள்ளதை எழுது என்றுதானே சொன்னேன் என்று அது புறப்பட்டேவிட்டது; முப்பிடாதி முந்திக்கொண்டாள், சத்தம் உயராமல், உள்ளத எழுதித்தானம்மா இவ்வளவும் ஆச்சு, இப்ப இல்லாததையும் கொஞ்சம் எழுதித்தான் ஆகணும் என்றாள். பாஸ்வேர்டு கேட்டாள். தானே ஏற்ற வேண்டுமாம். தலைப்பை அண்ணன் என்றே மாற்றவேண்டுமாம். முன்னுரை என்று நீங்கள் எழுதியது வேண்டாம் என்றாள், அதைச் சொல்லும்போது மட்டும் தயங்கினாள். “நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அது எங்கண்ணன் இல்ல.”

பிள்ளைகள் எழுதுவதற்காக ஆரம்பித்த பக்கத்தின் பாஸ்வேர்டு ஒரு பிள்ளையிடமும் கிடையாது என்பது வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அவளே வாங்கி, அவளே திருத்தி, அவளே ஏற்றினாள், கைடைக் கொளுத்த வந்தவள். இது பலிக்குமா, நாலு வாரத்தைச் சேர்த்துவிட்டால் ராஜபாளையத்தில் ஒருத்தன் நம்பிவிடுவானா, யார் யாரிடமோ பழைய பதிவு படமாகவே இருக்குமே, நம்பாவிட்டால் அந்தச் செண்பகம் என்ன ஆவாள். தெரியாது. அதற்கு ஒரு வாதமும் இல்லை அவளிடம். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், முப்பிடாதி உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள், ஒரு தடவை போதும் என்றாள். அலுவலகத்தில் தன் போனை வாங்கித் தருவதாக வடிவு சொன்னாள், வேண்டாம், அண்ணன் போன் பைக்கில் இருக்கிறது, அதிலேயே எழுதிக்கொள்கிறேன், அவனும் பார்க்கட்டும் என்றாள். வாசல்வரை போனவள் நின்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வடிவைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. “அம்மா, கடவாப்பல்லு வலிச்சா சோத்த ஒரு பக்கமா மென்னு முழுங்கிருவாங்களா, இல்ல, மிச்சம் வைப்பாங்களா?”

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி அது. உடனே ஒரு பதில் வந்தது, அது ஊகம், வடிவு அதைச் சொல்லவில்லை. விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, நாக்கால் தன் கடைவாய்ப் பல்லை மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.